நேற்றை மறந்தவளும் தட்டுவடை செட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த மாதம் எஸ்.ஜே.வாட்சனின் 'பிஃபோர் ஐ கோ டு ஸ்லீப்' நாவல். தூங்கி எழுந்தால் நேற்றை மறந்துவிடும் கிறிஸ்டீன், கணவன் பென் சொல்வதை நம்பித்தான் ஒவ்வொரு நாளையும் தொடங்குகிறாள். அவள் ஒளித்து வைத்திருக்கும் டைரியிலோ, 'பென்னை நம்பாதே' என்று அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. பாதிப்பேர் ஒரே ராத்திரியில் முடித்தோம். மீதிப்பேர், 'இப்படி ஒரு வியாதியே கிடையாது, காதில் பூ சுற்றுகிறார்' என்கிறார்கள். ஃபேர்லேண்ட்ஸ் மொட்டைமாடியில் தட்டுவடை செட் நமுத்துப்போகும்வரை சண்டை. யார் பக்கம் நியாயம்?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தட்டுவடையை நமுக்க விட்ட வகையில் இரண்டு கட்சிக்கும் நியாயம் கிடையாது.

காதில் பூ கட்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை புதிதாக நடந்த எதையும் அவரால் மனதில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. அவருடைய மறதி ராத்திரிக்காகக் காத்திருக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்த் திரும்பி வந்தாலே புது ஆள்தான். அவரைப் பற்றிய இரங்கல் குறிப்பைப் படித்துத்தான் வாட்சனுக்கு இந்த நாவலே தோன்றியது. தூக்கம் என்ற பூட்டு அவர் சேர்த்தது. நிஜத்தில் ஞாபகங்கள் நிலைபெறத் தூக்கம் உதவத்தான் செய்கிறது.

சரி, உடனே கொடி ஏற்ற வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பெண், கார் விபத்துக்குப் பிறகு தினமும் இரவோடு இரவாக அன்றைய நாள் அழிந்துபோகிறது என்றார். 2010இல் ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். ஸ்கேனில் பழுது எதுவும் தெரியவில்லை. முந்தின நாள் காட்டியவற்றை அன்றைக்குக் காட்டியவற்றோடு சொல்லாமல் கலந்து சோதித்தால், நேற்றையவையும் அவருக்கு ஞாபகம் இருந்தன! மூளைக் காயத்தால் வந்ததல்ல, மனம் சார்ந்த மறதி என்றார்கள். ஆக, 'கிடையவே கிடையாது' என்று அடித்துச் சொல்ல முடியாது.

எனக்கு உறுத்தியது டைரிதான். தினமும் டாக்டர் போன் செய்து, அலமாரியில் எங்கே இருக்கிறது என்று சொல்ல, அவள் எடுத்து முதலிலிருந்து படிக்கிறாள். முழு உரையாடல்களோடு பக்கம் பக்கமாகப் போகிற டைரி அது. படித்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிடுமே! அப்புறம் எப்போது வெளியே போவது, எப்போது சந்தேகப்படுவது, கணவன் வேலையிலிருந்து திரும்புவதற்குள் எப்போது உட்கார்ந்து எழுதுவது? பூச்சுற்றல் கட்சி இதைப் பிடித்திருந்தால் அன்றைக்கே ஜெயித்திருக்கும்.

ஆனாலும் என் ஓட்டு ராத்திரியில் முடித்தவர்களுக்குத்தான். காரணம் அந்தக் குளியலறை. தன்னை இளம்பெண் என்று நினைத்து எழுந்தவள், கண்ணாடியில் 47 வயதுக்காரியைப் பார்க்கிறாள். சுற்றிலும் போட்டோக்கள், கூடவே, இது உன் கணவன் என்கிற மாதிரி குறிப்புகள். நம்புவதைத் தவிர வழியில்லை. ஒட்டி வைத்தது யார் என்று யோசித்த நொடியில் எனக்குக் கை சில்லிட்டது. கடைசி அத்தியாயங்களின் தற்செயல்களை அதற்காகவே மன்னித்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் குழுவிலிருந்து ஒருவர் ஏற்கெனவே எழுதியிருப்பார். நான் எதிர்க்கட்சி. நம்ம 'கஜினி'யைவிட இது எந்த விதத்தில் உசத்தி?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: எழுதிவிட்டார், நீங்கள் பிந்திவிட்டீர்கள். உசத்தி எல்லாம் இல்லை. அங்கே மறதிக்காரன் எதிரியைத் தேடி ஊரெல்லாம் அலைகிறான். இங்கே சந்தேகம் பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கிறது. அது சரி, 15 நிமிட மறதிக்கு விசில் அடித்தவர், ஒரு நாள் மறதிக்கு மட்டும் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கலாமா?

கேள்வி: அதே நாவலில் நூறு பக்கம் தாண்டிவிட்டேன். தொடரலாமா? கடைசிப் பக்கத்தைப் புரட்டக் கை அரிக்கிறது.
- வாசகி, ஏற்காடு

பதில்: தொடருங்கள். கை அரித்தால் புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்து, தினம் ஒரு மணி நேரம் மட்டும் வாங்கிப் படியுங்கள். அவர்கள் முடிவைப் படித்துச் சொல்லிவிட்டால் நான் பொறுப்பல்ல.