‘டெல் மீ’ சரி, ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ ஏன் பிழை?

மேலாளருக்கு ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் மீ தி ப்ராசஸ்’ என்று எழுதினால், அது பிழையானது. ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் தி ப்ராசஸ் டு மீ’ என்பதே சரி. விளக்கப்படும் பொருள் வினையை ஒட்டி வர, கேட்பவர் ‘டு’வுடன் பின்னால் வருவார்.

‘எனக்குச் சொல்’, ‘எனக்கு விளக்கு’ என இரண்டிலும் தமிழ் ஒரே நான்காம் வேற்றுமையை வைப்பதால், ‘டெல் மீ’யின் அச்சிலேயே ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’யையும் வார்த்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்.

ஐயம் வந்தால், மாணவர்களுக்கான அகராதியில் அந்த வினையின் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்: பொருளோடு ஆளும் வரும் இடங்களில் எல்லாம் ஆளுக்கு முன் ‘டு’ இருந்தால், அதை விடக் கூடாது.

விளக்கப்படுவது நீண்ட தொடராக இருந்தால் வரிசை மாறும்: ‘எக்ஸ்ப்ளெய்ன் டு மீ வை தி பேமென்ட் ஃபெயில்ட்’. அப்போதும் ‘டு’ போகாது.

‘டிஸ்க்ரைப்’, ‘சஜெஸ்ட்’, ‘அனௌன்ஸ்’ போன்ற லத்தீன் வழிச் சொற்கள் பெரும்பாலும் இப்படியே நடக்கும் என்றாலும், இதை முழு விதியாகக் கொள்ள வேண்டாம். லத்தீன் வழி வந்த ‘ப்ராமிஸ்’ ‘ப்ராமிஸ்ட் மீ எ ஜாப்’ என நேரடியாக ஏற்கும், பழைய ஆங்கிலச் சொல்லான ‘ஸே’யோ ‘டு மீ’ கேட்கும்.