கை கழுவ நேரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டாக்டர் செம்மல்வைஸ் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். டாக்டர்கள் கை கழுவினால் பிரசவ வார்டில் சாவு குறையும் என்று 1847லேயே வியன்னாவில் அவர் காட்டிவிட்டார். போன மாதம் என் அம்மா ஐசியூவில் இருந்தார். பக்கத்துப் படுக்கையைத் தொட்ட கையோடு வந்து அம்மாவின் டிரிப்ஸைச் சரிசெய்தார் ஒரு நர்ஸ். படித்தவர்களுக்கே இவ்வளவு அலட்சியமா? கோபித்துக்கொள்வாரோ என்று நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அம்மா இப்போது தேறியிருப்பார் என்று நம்புகிறேன். கேட்டிருக்கலாம்தான். ஆனால் அதை அலட்சியம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் நோய்த்தொற்றுத் தடுப்புத் துறையை நடத்திய டிடியே பிட்டே, 1994ல் இதையே கணக்கெடுத்தார். கை கழுவ வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் கழுவினார்கள். ஐசியூவில் 36 சதவீதம். வேலை நெருக்கடி கூடக் கூட இந்த அளவு இறங்கியது. ஐசியூ நர்ஸ் ஒருவர் மணிக்கு இருபது முறைக்கு மேல் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும். வாஷ்பேசினுக்குப் போய், சோப்புப் போட்டு, துடைத்துத் திரும்ப ஒரு நிமிடமாவது ஆகும். மணிக்கு இருபது நிமிடம் குழாயடியில் நின்றால் நோயாளியை யார் பார்ப்பது? விதியை அப்படியே கடைப்பிடித்தால் வார்டே நின்றுபோகும்.

அதனால் பிட்டே உபதேசத்தோடு நிறுத்தவில்லை. ஆல்கஹால் கலந்த திரவத்தைப் படுக்கைக்குப் படுக்கை மாட்டிவைத்தார், சட்டைப் பையில் போடச் சின்னப் பாட்டில் கொடுத்தார். இருபது, முப்பது நொடி தேய்த்தால் போதும், அதுவும் நடந்துகொண்டே. 1997ல் 48 என்பது 66 ஆனது. மருத்துவமனைக்கு வந்த இடத்தில் தொற்று வாங்கிக்கொண்டவர்கள் 1994ல் 16.9 சதவீதம், 1998ல் 9.9. ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருத்துவமனை எதுவும் அந்த ஆய்வில் இல்லை, எனவே இறக்கம் முழுவதையும் இந்தப் பாட்டிலின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் பெரிய இறக்கம்.

உலக சுகாதார நிறுவனம் பிறகு வெளியிட்ட செய்முறையில் 80 சதவீதம் எத்தனால், தோல் வறளாமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின், துளி ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்தக் கடைசிப் பொருள் கைக்காக அல்ல, பாட்டிலுக்குள் கிருமியின் வித்துகள் (எளிதில் சாகாத உறக்க நிலை) இருந்தால் அவற்றை அழிக்க! காப்புரிமை கிடையாது, எந்த நாடும் தானே கலந்துகொள்ளலாம். கொரோனா காலத்தில் பல நாடுகள் அதைத்தான் செய்தன. கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தால் மட்டும் இது உதவாது, சோப்பும் தண்ணீரும்தான். கடும் வயிற்றுப்போக்கு தரும் சி. டிஃபிசில் கிருமியின் வித்துகளையும் ஆல்கஹால் கொல்லாது.

சரி, உங்கள் கோபத்துக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது, ஆளைத்தான் மாற்ற வேண்டும். முதல் கணக்கெடுப்பிலேயே நர்ஸ்கள் 52 சதவீதம், டாக்டர்கள் 30. பாட்டில் வந்த பிறகு நர்ஸ்களும் உதவியாளர்களும் நன்றாக முன்னேறினார்கள், டாக்டர்கள் பெரிதாக மாறவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் பாட்டில் இருந்தும் தொடாதவரை அலட்சியக்காரர் என்று நானும் தயங்காமல் சொல்வேன். நம்மூரில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நாமே எழுந்து நின்றுவிடுகிறோம், அவரிடம் எங்கே கேட்பது!

அடுத்த முறை வார்டுக்குப் போனால் முதலில் படுக்கையருகே பாட்டில் இருக்கிறதா, அதில் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "கைக்கு ஒருதடவை போட்டுக்கிறீங்களா சிஸ்டர்?" என்று சிரித்தபடி கேளுங்கள், டாக்டரையும் அப்படியே. இல்லையென்றால் நர்ஸை விட்டுவிட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.