வைத்தியம் யார் கையில்? – வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: என் அண்ணன் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். மேலதிகாரியின் தொல்லை தாங்கவில்லை, ஆனால் மனைவிக்குச் சிகிச்சை நடப்பதால் இன்சூரன்ஸ் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறான். வேலைக்கும் வைத்தியத்துக்கும் அங்கே ஏன் இப்படி ஒரு முடிச்சு? (வாசகர், ஓசூர்)

பதில்: போர்க்காலத்தில் விழுந்த முடிச்சு அது. 1942-ல் விலைவாசியைப் பிடித்து நிறுத்த அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆட்களோ கிடைக்கவில்லை. மருத்துவக் காப்பீடு அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராததால், சம்பளத்தைக் கூட்ட முடியாத கம்பெனிகள் அதைக் காட்டி ஆள் சேர்த்தன. கம்பெனி கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்று 1954-ல் சட்டமும் வந்துவிட, போர் முடிந்தும் வழக்கம் நிலைத்துவிட்டது.

2024-ல் கம்பெனி வழியாக ஒரு குடும்பத்துக்கு எடுக்கும் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் தொழிலாளி நேரடியாகக் கட்டுவது கால்வாசி. மீதியைக் கம்பெனி கட்டுகிறது என்பார்கள், ஆனால் அதுவும் அவர் உழைப்புக்கான கூலிதான், சம்பளமாகக் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம். தன் பணத்திலேயே வாங்கிய ஒன்றை இழந்துவிடுவோமோ என்று ஒரு மனிதன் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான் என்றால், அந்த ஏற்பாடு தவறு.

அவருக்கு வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். 'கோப்ரா' என்ற சட்டப்படி, 20 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியை விட்டு வந்தாலும் பொதுவாக 18 மாதம் அதே காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் முழு பிரீமியத்தையும் அதற்கு மேல் 2 சதவீதத்தையும் அவரே கட்ட வேண்டும், அதுவும் சம்பளம் நின்றுபோன நேரத்தில். இல்லையென்றால் காப்பீடு போன 60 நாளுக்குள் அரசு ஏற்படுத்தியிருக்கும் காப்பீட்டுச் சந்தையில் தனியாகப் பாலிசி வாங்கலாம். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று 2014-லிருந்து மறுக்க முடியாது. வாங்கும் முன்பு, இப்போது பார்க்கும் டாக்டர் புதிய திட்டத்தில் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், எச்-1பி விசாவில் இருக்கிறாரா? அப்படியானால் வேலை போனபின் தங்குவதற்கே அதிகபட்சம் 60 நாள்தான், அடுத்த வேலையை முதலில் பார்ப்பது நல்லது.

கேள்வி: வேலைநிறுத்தம் செய்தால் காப்பீட்டை நிறுத்திவிடுவார்களா? (வாசகர், மதுரை)

பதில்: நிறுத்தியிருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டொரு நாளிலேயே அவர்களுடைய காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதை நிறுவனம் நிறுத்திவிட்டது. தொழிற்சங்கம் தன் போராட்ட நிதியிலிருந்து கட்டுவதாகச் சொன்னாலும், இன்சுலின் போடுகிறவரும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தவரும் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார்கள்! நாடெங்கும் கண்டனம் வந்து, அதே மாதம் 26-ம் தேதி நிறுவனம் பின்வாங்கிக் காப்பீட்டைத் திரும்பக் கொடுத்தது. போராட்டம் 40 நாள் நீடித்தது. பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பக்கத்துக்காரர் கையில் மறுபக்கத்துக்காரரின் குழந்தைக்கான மருந்துச் சீட்டு இருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

கேள்வி: நம் ஊரில்? எனக்குக் கம்பெனி குரூப் பாலிசி இருக்கிறது. (வாசகர், கோவை)

பதில்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். அங்கே கூட்டம், காத்திருப்பு எல்லாம் உண்மைதான், ஆனாலும் கம்பெனி மாறினாலும் அதே காப்பீட்டு எண் உங்களோடு வரும், அது எந்த மேனேஜரும் கொடுத்ததல்ல. உங்கள் குரூப் பாலிசி அப்படியல்ல, ராஜினாமா செய்தால் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். புதிய பாலிசியில் பழைய நோய்களுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் உண்டு, குரூப்பில் இருந்த வருடங்களை அதில் கழித்துக்கொள்வார்கள். அப்பா அம்மாவையும் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே கேளுங்கள், அந்த வயதில் புதிதாக பாலிசி எடுப்பது கடினம்.