ஊர் கோபப்படுகிறது என்பதற்காக ஊழியரை நீக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலி டவுணில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். 38 பேர் வேலை பார்க்கிறார்கள். வேட்டிப் பிரிவில் 9 ஆண்டுகளாக இருக்கும் விற்பனையாளர் ஒருவர், ஆடி அமாவாசை முடிந்த கையோடு வந்த வார விடுமுறையில் பாபநாசம் படித்துறைக்குப் போய், பரிகாரத்துக்காக ஆற்றில் விடப்பட்டுக் கிடந்த துணிகளைக் காட்டி வீடியோ எடுத்து முகநூலில் போட்டிருக்கிறார். "பாவத்தைக் கழிக்க வந்தவர்கள் புதுப் பாவத்தைச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள்" என்று அதில் பேசுகிறார். அவர் அணிந்திருந்த சீருடைச் சட்டையில் எங்கள் கடைப் பெயர் தெளிவாகத் தெரிகிறது. பக்தர்களை அவமதித்துவிட்டதாகச் சிலர் கடைக்கே வந்து, அவரை நீக்காவிட்டால் தீபாவளிக்கு ஒருவரும் உங்கள் கடைப்படி ஏற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூகுளில் ஒற்றை நட்சத்திரமாகக் குவிகிறது. ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிவிடலாம் என்கிறார் எங்கள் கணக்காளர். 4 நாள்களாக அவரை வர வேண்டாம் என்று போனில் சொல்லி வைத்திருக்கிறேன். அவரை நீக்க எனக்கு உரிமை உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் காரணத்துக்காக, நீங்கள் நினைக்கும் வேகத்தில் நீக்கினால் அந்த உத்தரவு நிலைக்காது என்பதே என் கருத்து.

உங்கள் கடைக்கு முதன்மையாகப் பொருந்துவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41-ஆம் பிரிவின்படி, 6 மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தராமலும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஒழுங்கீனம் செய்தார் என்பதுதான் காரணம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் அதற்கென விசாரணை நடத்தி, போதுமான சாட்சியத்தைப் பதிவு செய்து, அந்த ஒழுங்கீனத்தை நிரூபித்திருக்க வேண்டும். உங்கள் ஊழியர் இந்தப் பிரிவின் கீழ் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாள்களுக்குள் முறையிடலாம். அங்கே காரணத்தையும் சாட்சியத்தையும் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. இது தவிர, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் கீழ், அவருடைய பணியின் தன்மையைப் பொறுத்து, தொழிற்தகராறு எழுப்பும் வழியும் அவருக்குத் திறந்திருக்கிறது. அதற்கு 2 ஆண்டுக் கால வரம்பு உண்டு.

விசாரணை வேண்டாம், ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, "வியாபாரம் பாதிக்கப்படுகிறது" என்று நாகரிகமாக எழுதி அனுப்பிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். உத்தரவின் வார்த்தைகள் சாதுவாக இருந்தாலும், அதன் அடித்தளம் ஊழியர் மீதான ஒரு குற்றச்சாட்டுத்தானா என்று நீதிமன்றங்கள் திரையை விலக்கிப் பார்ப்பது வழக்கம். இங்கே வீடியோ வந்த நாள், ஆட்கள் கடைக்கு வந்த நாள், நீங்கள் போன் செய்த நாள் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே அடித்தளம் என்ன என்பது எவருக்கும் விளங்கிவிடும்.

அடுத்து, கடைக்கு வெளியே, விடுமுறை நாளில் ஒருவர் செய்தது கடைக்கு எதிரான ஒழுங்கீனம் ஆகுமா என்பதைப் பார்க்க வேண்டும். டாடா ஆயில் மில்ஸ் வழக்கில் 1964-ல் உச்ச நீதிமன்றம், தொழிற்சாலைக்கு வெளியே நடந்ததாக இருந்தாலும் அதற்கும் வேலைக்கும் பொருத்தமான தொடர்பு இருந்தால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கலாம் என்றும், முற்றிலும் தனிப்பட்ட விவகாரத்தில் தலையிட முடியாது என்றும் கோடு கிழித்தது. பின்னர் 1980-களில் கிளாக்ஸோ நிறுவனத்தின் வழக்கில் அந்தக் கோடு இன்னும் இறுக்கமாக வரையப்பட்டது. வேலையிடத்துக்கு வெளியே தொழிலாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் கண்காணிக்கும் பொதுவான அதிகாரம் முதலாளிக்கு இல்லை என்பதே அதன் சாரம். கருத்துச் சுதந்திரம் என்ற அரசியலமைப்பு வாதம் தனியார் கடைக்கு எதிராக அப்படியே செல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் நீதிமன்றத்தின் மனப்போக்கைத் தெரிந்துகொள்ள, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை அளித்த ஒரு தீர்ப்பைக் குறிப்பிடலாம். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் குறைகூறிய கிராம வங்கி ஊழியர் மீதான குற்றச்சாட்டுக் குறிப்பாணையை ரத்து செய்த அந்தத் தீர்ப்பு, மனக்குறையைக் கொட்டித் தீர்க்கும் உரிமையை அங்கீகரித்தது. அந்த ஊழியர் தன் நிர்வாகத்தையே குறை சொன்னவர். உங்கள் ஊழியர் உங்களைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

ஆக, ஆற்றில் துணி விடுவதைப் பற்றி அவர் சொன்ன கருத்து உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. பாபநாசத்தில் நின்று யார் பார்த்தாலும் அந்தத் துணிக்குவியல் கண்ணில் படும். தாமிரபரணி மாசுபடுவது குறித்த வழக்குகளும் மதுரைக் கிளைக்குப் புதியவை அல்ல. பரிகாரத்துக்கு என்றே மலிவு விலையில் வேட்டியும் துண்டும் உங்கள் கடையில் விற்கப்படுமானால், அவர் பேச்சு உங்கள் வியாபாரத்தை உறுத்தும் என்பது எனக்குப் புரிகிறது. உறுத்தல் வேறு, ஒழுங்கீனம் வேறு.

சட்டை மட்டும் தனி விஷயம். சீருடையோடு பொதுவெளியில் சர்ச்சைக்குரிய ஒன்றைப் பேசும்போது கடையின் பெயரையும் அவர் அதற்குள் இழுத்துவிட்டார். சீருடையை வேலை நேரத்தில் மட்டுமே அணிய வேண்டும் என்று பணிநியமன உத்தரவிலோ கடை விதிகளிலோ எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எழுதியிருந்தால் அதை மீறியதற்காகக் குறிப்பாணை கொடுக்கலாம். எழுதவில்லை என்றால், பேசி எச்சரித்து, இனி எல்லோருக்கும் பொருந்தும் விதியாக எழுதி ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெறுங்கள். நம்மூரில் பலர் சீருடைச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள், அதோடுதான் கல்யாண வீட்டுக்கும் போகிறார்கள் என்பது விசாரணையில் கண்டிப்பாக எழும். மற்றவர்களைக் கண்டுகொள்ளாமல் இவரை மட்டும் பிடித்தால் அது பாரபட்சம் ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் 9 ஆண்டு கறையற்ற பணிக்கு எதிரே ஒரு சட்டைக்காகப் பணிநீக்கம் என்பது குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை. எச்சரிக்கைக் கடிதத்துக்கு மேல் போகாதீர்கள்.

ராஜினாமா எழுதி வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கணக்காளர் அறையில் உட்கார வைத்து, வாசகத்தைச் சொல்லிச் சொல்லி எழுதி வாங்கும் கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊழியருக்கு வராத அலுவலக மொழியில் இருப்பதே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாளே அவர், மிரட்டி வாங்கினார்கள் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினால், அது ராஜினாமா அல்ல, விசாரணையற்ற பணிநீக்கம் என்றே கருதப்படும். முறைகேடாக நீக்கப்பட்டவருக்குப் பின்ஊதியத்துடன் (வேலையின்றி இருந்த காலத்துக்கான சம்பளம்) மீண்டும் வேலை தருவதே பொதுவிதி என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. வழக்கு இரண்டு தீபாவளியைத் தாண்டினால் அந்தத் தொகை எவ்வளவு ஆகும் என்று உங்கள் கணக்காளரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஊழியர் எந்த வழியில் வெளியேறினாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி; கணக்கில் வரும் கடைசி மாத ஊதியம் 18,000 ரூபாய் என்று கொண்டால், 9 ஆண்டுகளுக்குச் சுமார் 93,460 ரூபாய். ஊர் கோபப்பட்டதைக் காட்டி அதை மறுக்க முடியாது.

எல்லாச் சர்ச்சைக்கும் இதே பதிலைச் சொல்வேன் என்று எண்ண வேண்டாம். இதே ஊழியர் கடைக்கு வந்த வாடிக்கையாளரைச் சாதியைச் சொல்லி ஏசியிருந்தால், அல்லது உடன் வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ஆபாசமாகப் பதிவிட்டிருந்தால், முறையான விசாரணைக்குப் பின் தயங்காமல் நீக்குங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அங்கே பாதிக்கப்படுவது வேலையிடமே. இங்கே நடப்பதோ, வெளியாட்கள் உங்கள் கடையின் பணியாளர் பட்டியலைத் திருத்த முயல்வது. இன்று ஆற்றைப் பற்றிப் பேசியவரை நீக்கச் சொல்பவர்களுக்கு இணங்கினால், நாளை சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஊழியரை நீக்கச் சொல்லி வேறொரு கூட்டம் உங்கள் கல்லாவுக்கு முன் வந்து நிற்கும். நம் வட்டாரத்தில் இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வந்தவர்களுக்கு, "அது எங்கள் ஊழியரின் சொந்தக் கருத்து, கடையின் கருத்து அல்ல, சீருடை குறித்து அவரிடம் பேசியிருக்கிறோம்" என்று இரண்டு வரி எழுதிக் கடை வாசலிலும் முகநூலிலும் வைத்தால் போதும், மன்னிப்பு, வாக்குவாதம் இரண்டும் வேண்டாம். வேண்டாம் என்று வாங்காமல் போவது வாடிக்கையாளரின் உரிமை. கடைக்குள் புகுந்து மிரட்டினால் கேமரா பதிவோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கடைக்கே வராதவர்கள் போட்ட மதிப்புரைகளை நீக்கக் கோரி கூகுளுக்கு முறையிடலாம். மத உணர்வைப் புண்படுத்தியதாக உங்கள் ஊழியர்மீது எவரேனும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவில் புகார் கொடுத்தாலும் பதற வேண்டாம். வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்ததாக நிரூபித்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். வழக்குப் பதிவானதை மட்டும் வைத்து அவரை நீக்கவும் முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்தப் போன்தான். எழுத்தில் எதுவும் கொடுக்காமல் வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருப்பதை, வாய்மொழிப் பணிநீக்கம் என்று அவர் நாளையே சொல்லலாம். விசாரணைக்காக இடைநீக்கம் செய்வதாக இருந்தால் எழுத்தில் உத்தரவு வேண்டும். முதல் 90 நாள்களுக்குப் பாதி ஊதியம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். இந்த விஷயத்துக்கு இடைநீக்கமே தேவையில்லை. உடனே பணிக்குத் திரும்புமாறு ஒரு கடிதம் அனுப்பி, ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வராமல் இருந்த 4 நாள்களும் உங்கள் சொல்லால் வராமல் இருந்தவை. ஆகவே அந்த நாள்களுக்கான சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது, விடுப்புக் கணக்கிலும் எழுதக் கூடாது.