பூஜ்யம் வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலைக்கு டேட்டாபேஸ் செய்கிறேன். உறுப்பினர் டேபிளிலேயே அவரவர் எடுத்த புத்தக எண்களைக் கமா போட்டு எழுதி வைத்தேன். நண்பர் ‘இரவல்’ என்று தனி டேபிள் போடச் சொன்னார். போட்டு உறுப்பினர், இரவல், புத்தகம் மூன்று டேபிள்களையும் ஜாயின் செய்தால், அதாவது பொதுவான எண்ணை வைத்து ஒன்றாக இணைத்தால், உறுப்பினர்கள் பலரைக் காணவில்லை. கமாவே போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போதாது. எடுத்த தேதியும் திருப்பிய தேதியும் உறுப்பினருக்கும் சொந்தமில்லை, புத்தகத்துக்கும் சொந்தமில்லை. இரவலுக்குத்தான் சொந்தம். ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்பது ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் டேட்டாபேஸ் பற்றி 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்தே வருகிறது. நண்பர் சொன்னபடி செய்யுங்கள்.

ஆனால் பலரைக் காணவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு மறுவரியில் கமாவுக்குப் போய்விட்டீர்களே, அது எப்படி மனசு வந்தது? அவர்கள் யாரென்று பார்த்தீர்களா?

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எங்கள் பாட்டி சந்தா கட்டி வாசகசாலையில் சேர்ந்தார். தமிழ் மட்டும்தான் படிப்பார். அலமாரி முழுக்க மலையாளம். வாராவாரம் போய்ப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வருவார். வருடக் கணக்கை இரவல் பேரேட்டைப் பார்த்து எழுதினார்கள், அதில் பாட்டி பெயர் எப்படி வரும்? தமிழ்ப் புத்தகம் கேட்டபோது, தமிழ் படிக்கிறவர் யாருமில்லை என்று அந்தக் கணக்கையே காட்டினார்கள். சந்தா ரசீது பாட்டியின் கையில்தான் இருந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் போட்ட இன்னர் ஜாயினும் இதையேதான் செய்கிறது. இரண்டு பக்கமும் பொருந்துகிற வரிகளை மட்டுமே அது வைத்துக்கொள்ளும், இரவலில் ஒரு வரிகூட இல்லாதவரை விட்டுவிடும். உறுப்பினரில் தொடங்கி இரவலுக்கு லெஃப்ட் ஜாயின் போடுங்கள்: அது ஜோடி கிடைக்காத உறுப்பினரையும், மற்ற கட்டங்களைக் காலியாக விட்டு, வைத்துக்கொள்ளும். அங்கிருந்து புத்தகத்துக்கும் லெஃப்ட் ஜாயின்தான், அதை இன்னராக விட்டால் திரும்பவும் காணாமல் போவார்கள். யார் எத்தனை தமிழ்ப் புத்தகம் எடுத்தார் என்று பார்க்க, ‘மொழி தமிழ்’ என்ற நிபந்தனையைப் புத்தக ஜாயினின் ‘ஆன்’ (ON) பகுதியில், அதாவது எப்படி இணைப்பது என்று சொல்லும் இடத்தில், வையுங்கள். இணைத்த பிறகு வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில் வைத்தால், காலியாக வந்தவர்கள் அங்கே விழுந்துவிடுவார்கள், லெஃப்ட் ஜாயின் போட்டும் பிரயோஜனமில்லை. அப்புறம், ‘கவுன்ட் ஸ்டார்’ (COUNT(*)) வேண்டாம்: அது வரிகளை எண்ணுவது, ஒன்றுமே எடுக்காதவருக்கும் 1 என்று காட்டும். புத்தக டேபிளின் புத்தக எண் கட்டத்தை எண்ணினால்தான், காலிக் கட்டம் கணக்கில் சேராமல், 0 வரும்.

அடுத்து புத்தகம் வாங்குவதற்கு முன்னால், 0 வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் எந்த மொழியில் வேண்டும் என்று கேளுங்கள்.