எஸ்எஃப்ஐஓ சம்மன்: கம்பெனி வக்கீல் போதுமா?

சுயேச்சை இயக்குநர் (கம்பெனி நிர்வாகத்தில் இல்லாத, வெளியிலிருந்து வரும் டைரக்டர்) பதவியை ராஜினாமா செய்த பிறகும் எஸ்எஃப்ஐஓ (கம்பெனி மோசடிகளை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பு) சம்மன் அனுப்பியிருக்கிறது, கம்பெனி வக்கீலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, தனி வக்கீல் வையுங்கள். கம்பெனி வக்கீல் கம்பெனியைத்தான் காப்பாற்றுவார். நாளைக்கு நிர்வாகம் "எல்லாம் டைரக்டருக்குத் தெரியும்" என்று கைகாட்டினால் அவரால் உங்களுக்காகப் பேச முடியாது.

ராஜினாமாவுக்குப் பிறகும் சம்மன் வந்திருப்பது, அநேகமாக உங்கள் பதவிக்காலத்து போர்டு மினிட்ஸால்தான் (இயக்குநர் கூட்டப் பதிவுகள்). சுயேச்சை இயக்குநருக்கு, 2013 கம்பெனிச் சட்டம் 149(12) பிரிவு கைகொடுக்கும்: தெரிந்தோ, உடந்தையாகவோ, அக்கறையில்லாமலோ இருந்தால்தான் பொறுப்பு. எனவே நீங்கள் கேட்ட கேள்வியும் சொன்ன ஆட்சேபமும் மினிட்ஸில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். விசாரணையில் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதே சட்டத்தின் 217(7) பிரிவுபடி அது உங்களுக்கு எதிராகவே சாட்சியமாகலாம். வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், வாட்ஸ்அப், மெயில் எதையும் அழிக்கவே கூடாது.