ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள்

கேள்வி: சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்திருந்த என் தாயார் மாரியம்மாளுக்கு, அடுத்த கட்டிலில் இருந்த இன்னொரு மாரியம்மாளுக்கு உரிய இன்சுலின் ஊசியைப் போட வந்துவிட்டார்கள். நான் அருகில் இருந்ததால் தடுத்தேன். கையில் சிப் பொருத்திய பட்டை கட்டினால் இத்தகைய தவறு நேராது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: பெருமளவு உண்மைதான். ஆனால் பட்டையைக் கட்டினால் மட்டும் போதாது; ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும் முன்பும் கட்டிலருகிலேயே அதை ரீடர் என்னும் கருவியால் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

ஓமலூர் சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியிலுள்ள ஃபாஸ்டேகைப் படிக்கும் அதே ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையால் அடையாளம் காணும்) தொழில்நுட்பம்தான் இது. பட்டையிலுள்ள சிப்புக்குப் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியைப் பெற்று, தனக்குரிய எண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த எண்ணுக்குரிய நோயாளிக்கு எழுதப்பட்ட மருந்தும் செவிலியர் கையிலிருக்கும் மருந்தும் பொருந்தாவிட்டால் கணினி உடனே எச்சரிக்கும். ஃபாஸ்டேக் சில மீட்டர் தொலைவிலிருந்தே படிக்கப்படும். வார்டில் அப்படிப் படித்தால் பக்கத்துக் கட்டிலின் பட்டை குறுக்கிடும். ஆகவே சில சென்டிமீட்டருக்குள் மட்டும் படிக்கக்கூடிய 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் வகையே கைப்பட்டைக்கு ஏற்றது.

இதன் தேவை நம் ஊரில் மிகுதி என்பது என் உறுதியான கருத்து. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லாததால், பெயரும் இனிஷியலும் ஒத்த இருவர் ஒரே வார்டில் இருப்பது எளிதில் நேரக்கூடியது; சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வரும் முதியவர்களோ, வயதைக் கேட்டால் உத்தேசமாகத்தான் சொல்வார்கள். ஒவ்வொரு நோயாளியையும் குறைந்தது இரண்டு அடையாளங்களால் உறுதிசெய்ய வேண்டும், அவற்றில் ஒன்றாக அறை எண்ணைக் கொள்ளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே அறிவுறுத்தியது. ரத்தம் ஏற்றுவதில் இது உயிர் சம்பந்தப்பட்டது. பொருந்தாத பிரிவு ரத்தம் ஏறிவிடுவதற்கு, ரத்த வங்கிப் பரிசோதனையின் பிழையைவிட, ஆள் மாறிப்போவதும் மாதிரி எடுத்த குழாயில் தவறான பெயரை ஒட்டுவதுமே பெரும்பாலும் காரணம்.

விலை குறைந்த பார்கோடு பட்டையும் நல்ல பலன் தருகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நேரம் தவறியவற்றை நீக்கிப் பார்த்தால், மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் பார்கோடு முறையால் 41 சதவீதம் குறைந்திருந்தன. நனைந்தாலோ கசங்கினாலோ பார்கோடு படிக்காது. தூங்கும் நோயாளியின் போர்வையை விலக்கவும் வேண்டும். சிப்புக்கு அந்தச் சிக்கல்கள் இல்லை. ஆயினும் தீவிர சிகிச்சைப் பிரிவில் எச்சரிக்கை தேவை: ஆம்ஸ்டர்டாமில் நோயாளிகள் இல்லாத சூழலில் நடத்தி 2008இல் வெளியிட்ட 123 சோதனைகளில், ரீடரின் அலைகள் மருத்துவக் கருவிகளை 34 முறை பாதித்தன; அவற்றில் 22 ஆபத்தானவை.

பட்டை எதுவாயினும், சேர்க்கும்போதே அதிலுள்ள பெயர், வயது, பதிவு எண் ஆகியவற்றைக் கோப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏனெனில் தொடக்கத்தில் ஆள் மாற்றிக் கட்டிவிட்டால் கணினியும் அதே தவறையே சரியென்று காட்டும். “நீங்கள் மாரியம்மாளா?” என்று கேட்டால் அரைமயக்கத்தில் இருப்பவரும் தலையசைத்துவிடுவார், “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்கச் சொல்லுங்கள். டிரிப்ஸ் ஏற்றுவதற்காகப் பட்டையை வெட்டினால், அடுத்த மருந்துக்கு முன்பே மறுகையில் புதிய பட்டை கட்டச் சொல்லிக் கேளுங்கள்.